இரட்சிப்பு என்றால் என்ன, எங்கிருந்து தொடங்குவது? மலையகத்தில் புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தோட்டத்தில் ஒருவர் புதிதாகச் சபைக்கோ மாதா கோயிலுக்கோ போகத் தொடங்கினால், அதற்குப் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும். பிள்ளைக்குச் சுகமில்லை. வீட்டுக்காரர் குடியை விட வேண்டும். செய்வினை என்று யாரோ சொல்லிவிட்டார்கள். கொழும்பில் வேலை செய்யும் மகள் லீவுக்கு வரும்போது பைபிளோடு வந்தாள். எந்தக் காரணமும் தவறில்லை. சுவிசேஷங்களில் (இயேசுவின் வாழ்வைச் சொல்லும் நான்கு புத்தகங்களில்) இயேசுவைத் தேடி வந்தவர்களில் பலர் நோய்க்காகத்தான் வந்தார்கள். ஆனால் வந்த காரணம் வேறு, கிறிஸ்தவம் இரட்சிப்பு என்று சொல்வது வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டவர்கள்தான் சில மாதத்தில் மனம் உடைந்து திரும்பிப் போகிறார்கள்.

இங்கே எழுதியிருப்பது அந்த இரண்டாவதைப் பற்றி. கிறிஸ்தவ நம்பிக்கை என்ன சொல்கிறது, அதை எந்த வரிசையில் விளங்கிக்கொள்வது, ஞானஸ்நானம் வரை என்ன நடக்கும், எங்கெங்கே பிசகும் என்பவை. எல்லாம் விளங்கிய பிறகு “எனக்கு இது வேண்டாம்” என்று நீங்கள் முடிவெடுத்தால் அதுவும் நேர்மையான முடிவுதான்.

கத்தோலிக்கர் மீட்பு, திருமுழுக்கு என்பார்கள்; மற்றச் சபைகளில் இரட்சிப்பு, ஞானஸ்நானம் என்பார்கள். பொருள் ஒன்றே. கீழே இரண்டும் கலந்து வரும்.

முதல் படி: ஒரு பைபிளும் 68 மாலைகளும்

கத்தோலிக்கரின் திருவிவிலியத்தில் 73 நூல்கள் இருக்கும். மற்றச் சபைகளின் பைபிளில் 66. கூடுதலாக உள்ள 7 நூல்களும் பழைய ஏற்பாட்டில் இருப்பவை. புதிய ஏற்பாட்டின் 27 நூல்களும் எல்லோருக்கும் பொது. ஆகவே எந்தப் பிரதி கையில் கிடைத்தாலும் தொடங்கலாம். பழைய மொழிபெயர்ப்பின் தமிழ் கடினமாக இருந்தால், 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பேச்சுத் தமிழுக்கு அது கிட்ட.

முதல் பக்கத்திலிருந்து வாசிக்காதீர்கள். ஆதியாகமம் கதையாக ஓடும், யாத்திராகமத்தின் பின்பாதியில் கூடாரத்தின் அளவுகள் வரும், லேவியராகமத்தில் பைபிள் மூடப்பட்டுவிடும். கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தலிலிருந்தும் தொடங்க வேண்டாம்; மிருகம், 666 என்று பயமுறுத்திக் கூட்டம் சேர்ப்பவர்களுக்கு அது வசதியான புத்தகம், புதியவருக்கு அல்ல. லூக்கா (24 அதிகாரம்), அப்போஸ்தலருடைய நடபடிகள் அல்லது திருத்தூதர் பணிகள் (28), ரோமர் (16) என்ற வரிசையில் போங்கள். மொத்தம் 68 அதிகாரம். மாலைக்கு ஒன்று வாசித்தால் இரண்டு மாதமும் கொஞ்சமும். வாசிக்கத் தெரியாத அம்மாவுக்கோ பாட்டிக்கோ வீட்டுப் பிள்ளை சத்தமாக வாசிக்கலாம். முதல் சில நூற்றாண்டுகளில் கிறிஸ்தவர்களில் மிகப் பலர் காதால் கேட்டுத்தான் அறிந்தார்கள்.

விளங்காத இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு முன்னே போங்கள். அந்தக் கோடுகள்தான் பிறகு ஃபாதரிடமோ பாஸ்டரிடமோ உபதேசியாரிடமோ கேட்க வேண்டிய கேள்விகள்.

இரண்டாம் படி: எதிலிருந்து இரட்சிப்பு?

நம் வீடுகளில் பாவம், புண்ணியம் என்ற இரண்டும் சேர்ந்தே வரும். ஒன்று ஏறும், மற்றது அதைக் கழிக்கும். அந்தப் பழக்கத்தோடு பைபிளைத் திறந்தால் குழப்பம்தான் மிஞ்சும். கிறிஸ்தவத்தில் பாவம் முதலாவதாக முறிந்துபோன உறவு. பொய், களவு, அடிதடி எல்லாம் அந்த முறிவிலிருந்து முளைப்பவை. லூக்கா 15இல் இயேசு சொல்லும் கதையில் இளைய மகன் சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு போய் அழிக்கிறான். அது எல்லோருக்கும் தெரிந்த பகுதி. பிரசங்கங்களில் அவசரமாகத் தாண்டிவிடும் பகுதி மூத்தவனுடையது. அவன் வீட்டைவிட்டுப் போகவில்லை, ஒரு நாளும் சொல் மீறவில்லை. ஆனாலும் தகப்பனுக்கு வருடக்கணக்காக அடிமைபோல் வேலை செய்தேன், எனக்கு ஒரு ஆட்டுக்குட்டி தந்தீரா என்று கணக்குக் கேட்கிறான். கதை முடியும்போது வீட்டுக்கு வெளியே நிற்பவன் அவன். ஒழுங்காக வாழ்கிறவருக்கும் மீட்புத் தேவை என்று கிறிஸ்தவம் சொல்வது இதனால்தான். எல்லோரும் பாவம் செய்தார்கள் என்ற ரோமர் 3:23 (3ஆம் அதிகாரம், 23ஆம் வசனம்) வரி நல்லவர்களையும் சேர்த்தே சொல்கிறது.

இந்து வீட்டிலிருந்து வருபவர்கள் இரண்டு வித்தியாசங்களைத் தெளிவாக வைத்துக்கொள்வது நல்லது. ஒன்று, செய்த வினையின் பலனைச் செய்தவரே அனுபவித்துத் தீர்ப்பார் என்பது கர்மக் கொள்கையின் அடிப்படை. கிறிஸ்தவம் அந்த இடத்தில் மன்னிப்பை வைக்கிறது. இரண்டு, மோட்சம் என்றால் பிறவிச் சுற்றிலிருந்து விடுதலை. கிறிஸ்தவத்தில் வாழ்வு ஒன்றே, பிறகு நியாயத்தீர்ப்பு (எபிரெயர் 9:27). ஆனால் அதன் முடிவு உடலைக் கழற்றிவிட்டு ஆன்மா மட்டும் தப்பிப்போவதல்ல. உடல் உயிர்த்தெழும், படைப்பு முழுவதும் புதிதாகும் (ரோமர் 8:21–23). “செத்த பிறகு பரலோகம் போவது” என்று மட்டும் சுருக்கிச் சொல்பவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள்.

மூன்றாம் படி: சிலுவையில் என்ன நடந்தது?

இதுதான் நடுப்பகுதி. அவசரப்படாமல் வாசியுங்கள்.

இயேசு ரோம ஆளுநர் பிலாத்துவின் ஆட்சியில் எருசலேமுக்கு வெளியே சிலுவையில் அறையப்பட்டு இறந்தார், மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார், இது நம் பாவங்களுக்காக நடந்தது. 1 கொரிந்தியர் 15:3–4 சொல்லும் செய்தியின் சாரம் இதுவே. அந்தக் கடிதத்தை எழுதிய அப்போஸ்தலர் பவுலே இதைத் தனக்கு முன்னிருந்தவர்களிடமிருந்து பெற்றுக்கொண்டதாக எழுதுகிறார். 325இல் நிசேயாவிலும் 381இல் கொன்ஸ்தாந்திநோபிளிலும் கூடிய திருச்சபைச் சங்கங்களில் உருவான விசுவாச அறிக்கை (நம்பிக்கையின் சுருக்கம்), மனிதரான நமக்காகவும் நம் மீட்புக்காகவும் அவர் இறங்கி வந்தார் என்கிறது. எப்படி மீட்டார் என்ற பொறிமுறையை அது விளக்கவில்லை. பைபிள் அதற்கு ஒரே விளக்கம் தராமல் பல படங்களைத் தருகிறது: நீதிமன்றத்தில் விடுவிக்கப்பட்ட குற்றவாளி, விலை கொடுத்து மீட்கப்பட்ட அடிமை, பலி, தீய சக்திகள் மேல் வெற்றி, சண்டைபோட்ட இருவர் மீண்டும் சேர்வது. கந்தர்பரி பேராயர் அன்செல்ம் 1098இல் எழுதி முடித்த விளக்கம் (பாவத்தால் கடவுளுக்கு நாம் பட்ட கடனைக் கிறிஸ்து ஈடுசெய்தார் என்பது) மேற்குத் திருச்சபையில் பெரிய செல்வாக்குப் பெற்றது. அதுவும் விசுவாச அறிக்கைக்குள் நுழையவில்லை. ஒரு படத்தை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதெல்லாம் தவறு என்று பேசும் போதகரிடம் கொஞ்சம் கவனமாக இருங்கள்.

விலை கொடுத்து மீட்பது என்ற படம் மலையகத்தில் சட்டென்று விளங்கும். முன்பு ஒரு தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் ‘துண்டு’ வேண்டும். அவர் பேரில் எவ்வளவு கடன் பாக்கி என்று அதில் எழுதியிருக்கும். அந்தத் தொகையை அடுத்த தோட்டம் கட்டினால்தான் ஆளை விடுவார்கள். 1921இல் சட்டம் கொண்டுவந்து இந்த முறையை ஒழித்தார்கள். தன்னால் கட்ட முடியாத கடனை இன்னொருவர் கட்டி ஆளை வெளியே எடுப்பது என்ற அளவில் துண்டு பொருந்துகிறது. கொலோசெயர் 2:14இலும் நமக்கு எதிராக இருந்த கடன்பத்திரம் அழிக்கப்பட்டுச் சிலுவையில் ஆணியடிக்கப்பட்டது என்றே வருகிறது.

ஆனால் எங்கே பொருந்தவில்லை என்பது இன்னும் முக்கியம். புதுத் தோட்டம் கட்டிய பணம் அதே தொழிலாளியின் தலையில் புதுக் கடனாக விழுந்தது. கங்காணி மாறினார், கடன் மாறவில்லை. சிலுவையைப் பற்றிய போதனை அப்படியல்ல: கடன் இடம் மாறவில்லை, அழிந்தது. ஆகவே “இயேசு உனக்காக இவ்வளவு செய்தார், நீ அவருக்கு என்ன திருப்பிக் கொடுப்பாய்?” என்று அழுத்தி அழுத்திக் கேட்டு உங்களிடமிருந்து வேலையோ காசோ வாங்கப் பார்க்கும் பிரசங்கம் இரட்சிப்பை மறுபடி துண்டாக மாற்றிவிடுகிறது. நன்றி வேறு, தவணைக் கட்டணம் வேறு. இன்னொன்று, விலை யாருக்குக் கொடுக்கப்பட்டது என்ற கேள்வி. சாத்தானுக்கு என்று ஆதித் திருச்சபையில் சிலர் சொன்னார்கள். நான்காம் நூற்றாண்டில் ஆயர் நசியான்சுஸ் கிரகோரியார் அதைக் கடுமையாக மறுத்தார். படத்தை அதன் எல்லைக்கு அப்பால் இழுத்தால் கிழியும்.

பலி என்ற சொல்லிலும் ஒரு வழுக்கல் உண்டு. முனியாண்டிக்குக் கிடாய் வெட்டுவதைப் பார்த்து வளர்ந்தவருக்கு, கோபமாயிருந்த கடவுள் இரத்தம் பார்த்துச் சாந்தமானார் என்றுதான் முதலில் தோன்றும். சில கிறிஸ்தவப் பிரசங்கங்களும் அதற்கு உதவி செய்கின்றன. புதிய ஏற்பாடு அந்தத் திசையில் சொல்லவில்லை. நாம் பாவிகளாயிருந்தபோதே கடவுள் தம் அன்பைக் காட்டினார் (ரோமர் 5:8). கடவுள்தான் கிறிஸ்துவுக்குள் உலகத்தைத் தம்மோடு ஒப்புரவாக்கினார் (2 கொரிந்தியர் 5:19). கொடுப்பவர் கடவுள். நாம் கொடுத்து அவர் மனம் மாறியதாக இல்லை.

உயிர்த்தெழுதலை விட்டுவிட்டால் மேலே சொன்னது எதுவும் நிற்காது; பவுலே 1 கொரிந்தியர் 15:17இல் அதை ஒப்புக்கொள்கிறார்.

நான்காம் படி: நம் பக்கத்தில் செய்ய வேண்டியது

பவுலைக் காவலில் வைத்திருந்த பிலிப்பி நகரச் சிறைக்காவலர் கேட்ட கேள்வி இதே கேள்வி: இரட்சிக்கப்பட நான் என்ன செய்ய வேண்டும்? ஆண்டவராகிய இயேசுவை விசுவாசி என்று பதில் வருகிறது. அதே இரவில் அவர் கைதிகளின் காயங்களைக் கழுவுகிறார், வீட்டாரோடு ஞானஸ்நானம் பெறுகிறார் (அப்போஸ்தலர் 16:30–33). விசுவாசம், மனமாற்றம், தண்ணீர் மூன்றும் ஒரே இரவுக்குள் வந்துவிடுகின்றன. எது முதலில் என்று சபைகள் வாதிட்டாலும் மூன்றும் தேவை என்பதில் பெரும்பாலும் ஒன்றுதான்.

விசுவாசம் என்றால் சந்தேகமே இல்லாத நிலை என்று நினைத்துக் காத்திருக்க வேண்டாம். விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்க உதவும் என்று கேட்ட தகப்பனை இயேசு திருப்பி அனுப்பவில்லை (மாற்கு 9:24).

மனந்திரும்புதலில் அழுகை வரலாம், வராமலும் இருக்கலாம். அளவுகோல் அதுவல்ல. செய்ததைப் பெயர் சொல்லி ஒத்துக்கொள்வது, கடவுளிடம் மன்னிப்புக் கேட்பது, அதை விடுவது, பாதிக்கப்பட்டவருக்கு முடிந்த அளவு சரிசெய்வது: இவைதான் அதன் பாகங்கள். “நான் பாவி ஆண்டவரே” என்று பொதுவாகச் சொல்வது சுலபம். “கடையில் 8,000 ரூபா கடன் வைத்துவிட்டு, கேட்டபோது தந்துவிட்டேன் என்று சாதித்தேன்” என்பது கஷ்டம். இரண்டாவதைச் சொல்லுங்கள். பிறகு கடைக்குப் போய், மொத்தமாக முடியாவிட்டால் மாதம் 1,000 வீதம் எட்டு மாதத்தில் தருகிறேன் என்று ஒத்துக்கொள்ளுங்கள். லூக்கா 19இல் வரி வசூலிப்பவரான சகேயு சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறார், ஏமாற்றியதை நாலு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொல்கிறார். அங்கே வரிசையைக் கவனியுங்கள்: இயேசு அவர் வீட்டுக்கு வருவதாகச் சொன்னது முதலில், காசு திருப்பிக் கொடுப்பது பிறகு. சகேயு விலை கொடுத்து அந்த வருகையை வாங்கவில்லை.

கூட்டங்களில் பாஸ்டர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லும் ‘பாவியின் ஜெபம்’ பைபிளில் ஒரு சூத்திரமாக இல்லை. தொடக்கமாக அது நல்லதுதான். ஆனால் கை தூக்கி அதைச் சொன்ன நிமிடத்தோடு எல்லாம் முடிந்தது என்று யாராவது உங்கள் பெயரை நோட்டில் எழுதிக்கொண்டு போனால், அது அவர்களின் கணக்கு.

ஐந்தாம் படி: சபைகள் எங்கே வேறுபடுகின்றன

கிருபையால், கிறிஸ்துவினால் இரட்சிப்பு. நம் நற்செயலால் அதைச் சம்பாதிக்க முடியாது. இது எல்லாச் சபைகளுக்கும் பொது. 16ஆம் நூற்றாண்டில் இந்த விடயத்தில்தான் பெரிய பிளவு வந்தது. 1999 ஒக்டோபர் 31 அன்று அவுக்ஸ்பேர்க் நகரில் கத்தோலிக்கரும் லூத்தரன்களும் நீதிமானாக்கப்படுதல் (பாவியைக் கடவுள் நீதிமானாக ஏற்பது) பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். மெதடிஸ்தர் 2006இலும் சீர்திருத்த சபைகள் 2017இலும் அதோடு சேர்ந்துகொண்டார்கள். ஆகவே “கத்தோலிக்கர் கிரியையால் இரட்சிப்பு என்கிறார்கள்” என்று உங்களிடம் சொல்பவருக்கும், “அல்லேலூயாக்காரர் நம்பினால் போதும், எப்படியும் வாழலாம் என்கிறார்கள்” என்று சொல்பவருக்கும் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

மிச்சமிருக்கும் வேறுபாடுகள் நடைமுறையில் முக்கியமானவை. கத்தோலிக்கர், அங்கிலிக்கன், மெதடிஸ்தர், சீர்திருத்த சபையினர் குழந்தைகளுக்கும் ஞானஸ்நானம் கொடுப்பார்கள். பெந்தெகொஸ்தே சபைகள் சொந்த வாயால் அறிக்கை செய்யும் வயது வந்தவர்களை மட்டும் முழுக்குக் கொடுத்துச் சேர்ப்பார்கள்; குழந்தையில் பெற்றதைப் பெரும்பாலும் ஏற்கமாட்டார்கள். பெற்ற இரட்சிப்பை இழக்க முடியுமா? கத்தோலிக்கப் போதனைப்படி சாவான பாவத்தால் (தெரிந்தே செய்யும் கனமான பாவத்தால்) அருளை இழக்கலாம், ஒப்புரவு அருளடையாளத்தில் (பாவசங்கீர்த்தனத்தில்) திரும்பப் பெறலாம். மெதடிஸ்தரும் பெந்தெகொஸ்தேயினரில் பெரும்பாலோரும் விலகிப்போக முடியும் என்பார்கள். 16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி கல்வினின் வழிவந்த சீர்திருத்த சபைகள், உண்மையாகத் தெரிந்துகொள்ளப்பட்டவர் கடைசிவரை காக்கப்படுவார் என்கின்றன. அந்நிய பாஷை (ஆவியால் வருவதாகச் சொல்லும், கற்றறியாத மொழி) பேசாவிட்டால் இரட்சிப்பே இல்லை என்று யாராவது பயமுறுத்தினால், அசெம்பிளிஸ் ஒஃப் கோட் போன்ற பெரிய பெந்தெகொஸ்தே சபைகளின் போதனையும் அப்படிச் சொல்வதில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

எந்தச் சபை? பக்கத்தில் இருப்பது, நீங்கள் கேள்வி கேட்டால் கோபப்படாதது, வரவுசெலவை எல்லோர் முன்னும் வாசிப்பது. இந்த மூன்றும் இருந்தால் நல்ல தொடக்கம்.

ஆறாம் படி: ஞானஸ்நானம் வரை

கத்தோலிக்கத் திருச்சபையில் வயது வந்தவருக்குத் திருமுழுக்குப் பயிற்சி உண்டு. சில மாதங்களிலிருந்து ஓராண்டுக்கு மேலும் போகலாம். தவக்காலத்தின் (ஈஸ்டருக்கு முந்திய நோன்புக் காலத்தின்) முதல் ஞாயிறோடு கடைசிக் கட்டம் தொடங்கும். 3, 4, 5ஆம் ஞாயிறுகளில் சிறப்பு மன்றாட்டுகள் நடக்கும். உயிர்ப்புப் பெருவிழாவுக்கு (ஈஸ்டருக்கு) முந்திய இரவின் திருவிழிப்பில் திருமுழுக்கு, உறுதிபூசுதல், நற்கருணை மூன்றும் ஒன்றாகக் கிடைக்கும். உயிர்ப்பு ஞாயிறு மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் எப்போதும் வரலாம் என்பதால், முந்திய ஆண்டின் நடுப்பகுதியிலேயே பங்குத்தந்தையைப் பார்த்துவிடுங்கள். ஞானத்தாயோ ஞானத்தந்தையோ ஒருவர் போதும்; 16 வயது நிறைந்த, உறுதிபூசுதல் பெற்ற கத்தோலிக்கராக இருக்க வேண்டும், உங்கள் சொந்தத் தாய் தகப்பனாக இருக்கக்கூடாது. அங்கிலிக்கன் திருச்சபையில் வகுப்புக்குப் பிறகு ஞானஸ்நானமும் ஆயர் வரும்போது திடப்படுத்தலும் (உறுதிபூசுதல்). பெந்தெகொஸ்தே சபைகளில் வகுப்புகள் குறைவு, நாள் சீக்கிரம் குறிப்பார்கள். அவசரமாகத் தோன்றினால் தயங்காமல் தள்ளிப்போடச் சொல்லுங்கள்.

தோட்டத்தில் பெரிய தடை நேரம்தான். கொழுந்து கூடும் மாதங்களில் ஞாயிறும் வேலைக்குக் கூப்பிடுவார்கள், அந்தச் சம்பளத்தை விடுவது எளிதல்ல. டிவிஷன் கோயிலுக்குக் குரு மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார் என்ற நிலையும் உண்டு. பெரட்டில் (காலையில் வேலைக்கு ஆள் பதியும் இடத்தில்) பெயர் கொடுக்கும் முன்பே வகுப்பு நாட்களை உபதேசியாரிடம் பேசி, பின்னேரம் நாலரைக்குப் பிறகோ போயா லீவிலோ வைத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். பலர் ஒத்துக்கொள்வார்கள்.

முழுக்கு ஞானஸ்நானம் ஆற்றில் என்றால் பருவத்தைப் பாருங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழையில் ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கத்து ஆறுகள் சட்டென்று பெருகும். பதுளை, ஊவாப் பக்கம் மழை ஆண்டின் கடைசியில் வலுக்கும். மேலே மழை பெய்தால் கீழே வெயிலிருந்தாலும் தண்ணீர் ஏறும். நீர் கலங்கி வந்தால் இறங்காதீர்கள், சபைத் தொட்டியில் செய்யச் சொல்லுங்கள். ஜனவரி விடியலில் நுவரெலியாத் தண்ணீர் பெரியவர்களையும் மூச்சுத் திணற வைக்கும். ஆஸ்துமாவோ இருதய நோயோ உள்ளவர் முன்கூட்டியே சொன்னால் பகல் பன்னிரண்டுக்கு வைப்பார்கள், அல்லது தலையில் ஊற்றும் முறைக்கு ஒத்துக்கொள்ளும் சபையும் உண்டு. தடித்த கறுப்பு உடுப்பு ஒன்று, மாற்றுடுப்பு இரண்டு, துவாய் இரண்டு, பிளாஸ்கில் தேநீர். வெள்ளைச் சேலையோடு இறங்கிவிட்டுப் பெண்கள் சங்கடப்படுவது எல்லா இடத்திலும் நடக்கிறது.

தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால், தண்ணீரால் கொடுக்கப்பட்டதா என்று உறுதிசெய்யுங்கள் (மத்தேயு 28:19). அப்படியென்றால் கத்தோலிக்கர், அங்கிலிக்கன், மெதடிஸ்தர் ஒருவர் கொடுத்ததை மற்றவர் ஏற்பார்கள். ‘இயேசுவின் நாமத்தில்’ என்று மட்டும் கொடுக்கும் குழுக்களும் இருக்கின்றன. அதை இந்தச் சபைகள் ஏற்பதில்லை.

எங்கே பிசகுகிறது

நேர்த்திக்கடன் மனநிலைதான் முதல் பிசகு. “குணமானால் ஞானஸ்நானம் எடுக்கிறேன்” என்று பேரம் வைத்தவர் குணமானதும் கடமைக்கு எடுப்பார், குணமாகாவிட்டால் சாமி பொய் என்பார். சுகத்துக்காக ஜெபியுங்கள், ஜெபிக்கச் சொல்லுங்கள், ஆனால் அதை இரட்சிப்போடு முடிச்சுப் போடாதீர்கள். மருந்தை நிறுத்தவே வேண்டாம். இன்சுலின், வலிப்பு, காசநோய், மனநோய் மாத்திரைகளை “விசுவாசத்தால்” நிறுத்தச் சொல்லும் ஆளிடமிருந்து உடனே விலகுங்கள். பவுலோடு இருந்த லூக்கா வைத்தியர் (கொலோசெயர் 4:14).

காசு அடுத்தது. தசமபாகம் சில சபைகளின் ஒழுங்கு. அது இரட்சிப்பின் விலையல்ல. அப்போஸ்தலர் 8இல் சீமோன் என்ற மந்திரவாதி காசைக் காட்டிக் கடவுளின் கொடையைக் கேட்டபோது பேதுரு அவனை விரட்டாத குறைதான். மறுபக்கமும் உண்டு: உலர் உணவுப் பொதியோ பள்ளிக்கூடச் சாமானோ தந்து அதே மூச்சில் ஞானஸ்நானம் பேசினால், இரண்டையும் பிரித்துவைக்கச் சொல்லுங்கள். உதவியை வாங்கிக்கொள்ளலாம், நம்பிக்கையை அதற்கு ஈடாக வைக்க வேண்டியதில்லை. விரும்பிய சமயத்தைத் தழுவும் சுதந்திரம் அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரையில் உங்களுக்கே உரியது, உதவி தருபவருக்கல்ல.

வீட்டில் பிசகுவதுதான் அதிகம் வலிக்கும். ஞானஸ்நானம் எடுத்த வாரமே அம்மாவின் சாமிப் படங்களைக் குப்பையில் போட்டுவிட்டு, ஒரு காம்பராவுக்குள் எப்படி நிம்மதியாக இருக்க முடியும்? அவை அம்மாவுடையவை. உங்களுடையதை மட்டும் நீங்கள் முடிவு செய்யுங்கள். எபேசுவில் பவுலின் கூட்டாளிகள் ஊரின் தேவதையைப் பழித்தவர்கள் அல்ல என்று நகரத்து அதிகாரியே சாட்சி சொல்கிறார் (அப்போஸ்தலர் 19:37). மாரியம்மன் திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு எடுக்கும் காசு, பக்கத்து வீட்டுப் பொங்கல், காமன் கூத்து ஆகியவற்றில் சபைக்குச் சபை பதில் மாறும். 1 கொரிந்தியர் 8, 10ஆம் அதிகாரங்களை வாசித்துவிட்டு உங்கள் போதகரோடு பேசுங்கள். திருவிழாவில் காவடி எடுக்க முடியாது என்பவர், தோட்டத்துப் பாதை திருத்தும் சிரமதானத்துக்கு முதல் ஆளாக நிற்கலாம். பொதுக் காரியம் எல்லாவற்றிலிருந்தும் ஒதுங்கினால்தான் லயத்தில் பகை வரும்.

கணவனோ மனைவியோ நம்பாவிட்டால் திருமணம் செல்லாமல் போகாது, பிரியவும் வேண்டாம் (1 கொரிந்தியர் 7:12–14). 18 வயதுக்குக் குறைந்த பிள்ளை பெற்றோருக்குத் தெரியாமல் ஞானஸ்நானம் எடுக்கக்கூடாது. அப்படிக் கொடுக்கும் சபையை நம்ப வேண்டாம். பெயர் மாற்றுவது கட்டாயமில்லை. முருகையா முருகையாவாகவே இருக்கலாம்.

தவறணைக்கு மறுபடி போய்விட்டால்? மறுபடி ஞானஸ்நானம் தேவையில்லை, ஞானஸ்நானம் ஒன்றே (எபேசியர் 4:5). 1 யோவான் 1:9இன்படி அறிக்கை செய்து எழும்புங்கள். கசிப்புக்கு உடம்பே அடிமைப்பட்டிருந்தால் ஜெபத்தோடு வைத்தியரும் வேண்டும். நாள்பட்ட குடியை ஒரேயடியாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

எல்லோரும் கேட்கும் இரண்டு கேள்விகள்

இந்தியாவிலிருந்து வந்து காட்டை வெட்டித் தோட்டமாக்கிய எங்கள் பாட்டன் பாட்டிமார் இயேசுவைக் கேள்விப்படாமலே செத்தார்களே, அவர்கள் கதி என்ன? 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், தம் குற்றமின்றிக் கிறிஸ்துவை அறியாமல், கடவுளை நேர்மையாகத் தேடி மனச்சாட்சிப்படி வாழ்ந்தவரும் மீட்படைய முடியும் என்று போதித்தது. மற்றச் சபைகளில் கருத்துப் பலவகை: கிறிஸ்துவை அறிவதன்றி வழியில்லை என்பவர் உண்டு, பூலோகம் முழுவதற்கும் நியாயாதிபதியானவர் நீதி செய்வார் என்ற ஆதியாகமம் 18:25இல் நிறுத்திக்கொள்பவரும் உண்டு. உங்கள் பாட்டி நரகத்தில் என்று பெயர் சொல்லித் தீர்ப்புக் கூறும் பிரசங்கிக்கு அந்த அதிகாரம் எந்தச் சபையிலும் கிடையாது.

இரட்சிப்பு செத்த பிறகு மட்டுமா? இல்லை. புதிய ஏற்பாடு அதை மூன்று காலத்திலும் பேசுகிறது: இரட்சிக்கப்பட்டீர்கள் (எபேசியர் 2:8), இரட்சிக்கப்படுகிறோம் (1 கொரிந்தியர் 1:18), இரட்சிக்கப்படுவோம் (ரோமர் 5:9). நடுவிலுள்ளதுதான் அன்றாடம். நற்செயலால் அல்ல என்று எபேசியர் 2:9 சொன்ன கையோடு, நற்செயலுக்காகவே படைக்கப்பட்டோம் என்று 2:10 சொல்கிறது. இரண்டு வரியையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். இதைக் கூலிக்கும் குடியுரிமைக்கும் நீட்டிப் பார்த்தவர்களும் இங்கே இருந்தார்கள். 1972இல் கண்டியில் சத்தியோதயம் என்ற சமூக ஆய்வு மையத்தைத் தொடங்கிய இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ், அதே ஆண்டு பதுளையின் முதல் ஆயரான லியோ நாணயக்கார இருவரும் தோட்டத் தொழிலாளரின் விடுதலையை நற்செய்தியின் பகுதியாகவே பார்த்தார்கள். லூக்கா 4:18ஐ வாசித்தால் ஏன் என்று புரியும்.

கடைசியாகக் காகித வேலை. ஞானஸ்நானப் பதிவேட்டில் எழுதும்போது பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் கையில் வைத்து, பெயர் எழுத்துக்கு எழுத்துச் சரியா என்று நீங்களே பாருங்கள். தோட்டத்துப் பிறப்புப் பதிவுகளில் பெயர்கள் ஒருவிதமாகவும் அடையாள அட்டையில் இன்னொருவிதமாகவும் இருப்பது வழக்கம். ஞானஸ்நானப் பதிவில் மூன்றாவது விதமாக விழுந்துவிட்டால், பிள்ளையின் பாடசாலை அனுமதியின்போதும் கோயில் திருமணத்தின்போதும் அலைய வேண்டிவரும். சான்றிதழில் இரண்டு பிரதி கேட்டு வாங்கி, ஒன்றை லெமினேட் செய்யாமல் வையுங்கள். பின்னால் குறிப்பு எழுதவோ முத்திரை குத்தவோ அது தேவைப்படும்.